உன் மாமியார் எனக்கு முன்னால் பார்த்தது

கண்ணு,

நீ வேலூர் பஸ் ஏறிப் போய்விட்டாய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாய். உன் பெண்டாட்டி வசந்தி உன் பக்கத்தில் இருப்பாள், உன் மாமியார் பின் சீட்டில் இருப்பாள், என் பேத்தி யாழினி யார் மடியில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. என் மடியில் இல்லை, அது மட்டும் தெரியும். நேற்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "யம்மா, ரெண்டு மாசம் தேவிகாபுரத்துல அத்த வூட்ல இருந்துட்டு வரேன். நீ வாணான்னு சொன்னா போகல" என்றாய். நான் பதில் சொல்லாமல் சோற்றுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து முடித்ததையே திரும்பவும் தேய்த்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சண்டையாகிவிடும், மீதிப் பாதி உள்ளேயே தங்கிவிடும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். காகிதம் யாழினியின் நோட்டிலிருந்து கிழித்தது. பள்ளிக்கூடம் லீவு, கேட்க மாட்டாள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமியார் மேல் எனக்குப் பொறாமை. முகத்துக்கு நேரே வாங்க, போங்க என்றுதான் பேசுகிறேன். இந்தக் காகிதத்தில் அவள் வெறும் 'அவள்'தான். உன் கல்யாணத்தில் சம்மந்தி மரியாதை என்று தட்டில் வைத்து எனக்கு ஒரு சேலை கொடுத்தாள். பட்டு நெய்கிற வீட்டுப் பொம்பளைக்கு விசைத்தறிச் சேலை. மடிப்பைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் யாழினி பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடமும் போகிறாள். அந்தச் சேலையை நான் ஒரு நாளும் உடுத்தவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பீரோவில் இருக்கிறது. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாதும்மா, கடைக்காரன் ஏமாத்தியிருப்பான் என்று நீ எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். தெரியாமல் செய்ததை மறந்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் தெரியாத அவள், என் பிள்ளையிடம் வந்திருந்த வித்தியாசத்தை எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உனக்கே பாதி தெரியாது. ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவது, சின்னக் குச்சியில் நூல் ஏற்றுவது, இந்த வீட்டில் என் வேலை. உன் அப்பா காலத்திலிருந்து என் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற உன் நாடாவுக்குள் போகிற ஒவ்வொரு தாரிலும் நூல் என் கை பட்டுத்தான் ஏறும். காலையில் சுற்றிக் கூடையில் போட்டுத் தறிக்குப் பக்கத்தில் வைப்பேன். பொழுது சாயும்போது கூடை காலியாக இருக்கும். காலிக் கூடையை எடுத்துவரும்போது எனக்கு ஒரு நிம்மதி இருக்கும், உனக்கு இன்னும் நான் வேண்டியிருக்கிறது என்று. பொங்கலுக்குப் பிறகு அந்தக் கூடை காலியாகவில்லை. முதலில் கொஞ்சம் மிச்சம், பிறகு பாதிக் கூடை, பிறகு வைத்தது வைத்தபடி. வேறு யாராக இருந்தாலும், தார் மிஞ்சினால் தறி ஓடவில்லை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. எதிர்வீட்டிலும் தறி, பக்கத்து வீட்டிலும் தறி, சத்தம் அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எது யார் தறி என்று பிரித்துக் கேட்கிற காது எனக்கு இப்போது இல்லை. நான் நினைத்தது என்ன தெரியுமா? வசந்தி எனக்குத் தெரியாமல் உனக்குத் தார் சுற்றித் தருகிறாள், என்னுடையதை ஓரம் தள்ளிவிட்டுத் தன்னுடையதை உன் கையில் கொடுக்கிறாள் என்று.

சிரிக்காதே. அவள் ஒளித்து வைத்திருக்கிற ராட்டையைத் தேடினேன். பரணில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன், கடைத்தெருவுக்கு அவள் போயிருந்த நேரம் பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கிற சந்தில்கூடப் போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காதது என் சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது, எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறாள் பார் என்று. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "நான் செத்தப்புறம் சுத்திக்கோம்மா, அதுவரிக்கும் பொறுத்துக்கோ" என்றேன். "நான் தொடவே இல்ல அத்த. அவரு நெய்யிறதே இல்ல, சும்மா குந்திகினு இருக்காரு" என்றாள். எல்லாமே அந்தப் பதிலில் இருந்தது. என் காதில் முன்பாதி மட்டும்தான் விழுந்தது, அதையும் பொய் என்று முடிவு கட்டினேன். அவள் அழுதாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உன் மாமியார் வந்து இறங்கினாள், தலையில் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையோடு. நான் போட்ட சண்டைதான் அவளை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது.

பஞ்சாயத்துப் பேச வந்திருக்கிறாள் என்று நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. விதைக்கு உரிக்க வேண்டும், வீட்டில் ஆள் இல்லை, அதனால் இங்கேயே எடுத்து வந்துவிட்டேன் என்றாள். மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டு எங்கே உட்கார்ந்தாள்? தறிக்குப் பக்கத்தில், நான் கூடை வைக்கிற இடத்தில். நீ தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாய். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நீயும் ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தாய். நான் சமையல் கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் என்னமோ பேசினீர்கள். எனக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. என் வீட்டில், என் பிள்ளை, நான் வந்ததும் பேச்சை நிறுத்தினான். அன்றைக்கு ரசத்தில் நான் கவனமில்லாமல் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. நீ முகம் மாறாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். உப்பு ஒரு கல் கூடினாலே தட்டை நகர்த்துகிற பிள்ளை, இப்போது குணம் திருந்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். உன் மாமியார் நீ போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்தாள்.

"சம்மந்தி, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே."

"சொல்லுங்க. கோச்சிக்கிறதா வாணாவான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"மாப்ள சோம்பேறியா ஆயிடல. அவருக்கு மனசு சோந்து கிடக்குது. எங்க வூட்டுக்காரரு இதே மாதிரிதான் ஒரு வருசம் குந்திகினு இருந்தாரு. மோட்டார் போட்டுட்டு தண்ணி எங்க பாயுதுன்னுகூட பாக்க மாட்டாரு. உப்பு தெரியாது, உறப்பு தெரியாது. விடியறதுக்கு முன்னாலயே முழிச்சிக்குவாரு, எழுந்திருக்க மட்டும் மாட்டாரு."

"என் பையனுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெயில் காலம், அசதி."

"காலையில கண்ணு முழிச்சா ஏன்டா விடிஞ்சுதுன்னு இருக்குதாம். மாசக் கணக்கா அப்படித்தான் இருக்குதாம். அவரே சொன்னாரு."

"உங்ககிட்டயா சொன்னான்?"

"ஆமா."

"நீங்க இன்னா கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல சம்மந்தி. உரிச்சிகினு இருந்தேன்."

கண்ணு, அந்த வார்த்தை என்னை எப்படிக் குத்தியது என்று உனக்குத் தெரியாது. ஏன்டா விடிந்தது என்று உனக்கு இருந்திருக்கிறது. அந்த நேரத்துக்கெல்லாம் நான் சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறேன். நான் உன்னைக் கேட்காத நாள் உண்டா? ஏன் இப்படி இருக்கிறாய், ஏன் சாப்பிடவில்லை, ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய், எந்த மகாராணி என்ன சொன்னாள் என்று ஓயாமல் கேட்டேன். நீ ஒன்றுமில்லம்மா என்றாய். அவள் ஒன்றுமே கேட்கவில்லை, அவளிடம் எல்லாம் சொன்னாய். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்தேன். நியாயம் கிடைக்கவில்லை, ஆனால் காரணம் கிடைத்தது. நான் கேட்டதெல்லாம் கேள்வி மாதிரி இருந்தாலும் திட்டுத்தான். கீழே விழுந்து கிடக்கிறவன் ஏன் விழுந்தாய் என்பதற்குப் பதில் சொல்ல மாட்டான். பக்கத்தில் ஒருத்தர் சும்மா உட்கார்ந்தால் தானாகச் சொல்வான். இதை நீயும் மனதில் வை. உன் மகள் ஒரு நாள் இப்படி மூலையில் உட்கார்ந்தால் ஏன் என்று ஆரம்பிக்காதே. மல்லாட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார். இது அவளிடமிருந்து நான் கற்றதுதான். அவளிடம் சொல்லிவிடாதே.

அப்புறம் அந்த மஞ்சள் காமாலை. தறி நின்றால் தெருவுக்கே தெரியும், மறைக்க முடியாது. என்ன உங்க பையன் தறியில இறங்கறதில்லையா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். மனசு சரியில்லை என்று சொன்னால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் யார் யாரைப் பற்றி எந்த வருஷம் என்ன சொன்னாள் என்பது முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் மஞ்சள் காமாலை என்று சொன்னேன். கௌரவமான நோய், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எதிர்வீட்டு லோகம்மா மறுநாளே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து நின்றாள். அப்புறம் வாரத்துக்கு ஒருத்தி. நீயும் வாங்கி வாங்கிக் குடித்தாய். இல்லாத காமாலைக்கு மருந்து குடிக்கிறோம் என்று சண்டைகூடப் போடவில்லை. அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் மாமியார் அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். அது வேறு என் கணக்கில் இருக்கிறது.

வேலூருக்கு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். நான் படவேடு போய் அம்மனுக்கு வேண்டிக்கொள்வோம் என்றேன். அதுவும் பண்ணலாம் சம்மந்தி, இதுவும் பண்ணலாம் என்று முடித்துவிட்டாள். டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு வசந்தி வாயால் வந்து சேர்ந்தது. உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் வேறொருத்தி. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்திருக்கிறேன், உனக்கு மறந்தால் நான் சொல்வேன். இது லேசானதுதான், முற்றுவதற்குள் காட்ட வந்தது நல்லது என்றார்களாம். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வந்து பேசுங்கள், இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல் இதே போல நீண்டால், கூடினால், அப்போது பார்க்கலாம் என்றார்களாம். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். போனை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். காலை வெயிலில் நடக்க வேண்டும். குடி கூடவே கூடாது. ஆசை வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது, ஆசை வராது. கொஞ்சம் செய்ய வேண்டும், ஒரு சாண் நெய்தாலும் போதும், செய்யச் செய்ய ஆசை பின்னால் வரும் என்றார்களாம். எனக்கு இது புரிந்தது. புதுப் பாவு நூல் ஏற்றின முதல் நாள் தறி உன் அப்பாவுக்குக்கூடப் பிடிகொடுக்காது.

இன்னொன்றும் கேட்டார்களாம், செத்துப்போகலாம் என்று எப்போதாவது நினைத்தாயா என்று. நேராகவே கேட்டார்களாம். நீ இல்லை என்றாயாம். வசந்தி இதைச் சொன்னபோது என் கையில் இருந்த தார் உருண்டு எங்கோ போய்விட்டது. கண்ணு, அந்த நினைப்பு என்றைக்காவது எட்டிப் பார்த்தால், அது நீ நினைக்கிறது இல்லை, இந்த நோய் நினைக்கிறது. அந்த நிமிஷமே பக்கத்தில் இருக்கிற ஆளைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும், ஜல்தியாக டாக்டரிடம் போக வேண்டும். வெட்கம், மானம், யார் மாமியார், யார் அம்மா, எதையும் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறாமையே கிடையாது. ரோட்டில் போகிறவனிடம் சொன்னாலும் சரி.

இப்போது உன் அப்பாவைப் பற்றி ஒன்று. நீ அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. உன் பெரியப்பா வீட்டைப் பிரித்துக்கொண்டு, நல்ல தறி இருக்கிற பக்கத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். அதை நான் மன்னிக்கவில்லை, அவர் போய்ச் சேர்ந்தும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு உன் அப்பா பேசுவது குறைந்தது. தறிக்குழியில் இறங்குவார், நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். நெய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதாவது பாடுகிற மனுஷன், பாட்டை நிறுத்தினார். நான் சோம்பேறி என்றேன். அண்ணன் இவர் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போகிறான், தம்பி தூங்கு மூஞ்சியாக உட்கார்ந்திருக்கிறார் என்றேன். மெல்ல மெல்ல எழுந்து நெய்ய ஆரம்பித்தார், அதனால் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். பாட்டு மட்டும் திரும்ப வரவே இல்லை. அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார், மாரடைப்பில் போனார். ஆனால் அந்த வருஷத்திலேயே எனக்குப் பாதி மனுஷன்தான் மிச்சமானார் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் மாமியார் வீட்டுக்காரருக்கும் அதே நோய்தான். அவளும் என்னை மாதிரி படிக்காதவள்தான். ஆனால் அவள் பார்த்தாள், கூட்டிக்கொண்டு போனாள், திரும்பக் கொண்டுவந்தாள். இன்றைக்கும் அந்த ஆள் நிலத்தில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது என்னையே, "இன்னா சம்மந்தி, ஆரணி தங்கம் எல்லாம் உங்க பீரோவுலதான் இருக்குதாமே" என்று கேட்டார். அவர் சிரிக்கும்போது நான் எழுந்து சமையல் கட்டுக்குப் போனேன். எல்லாரும் காபி போடப் போகிறேன் என்று நினைத்தார்கள். சேலைக்கு நான் கோபப்படுகிறேன் என்றுதான் நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். சேலைக்கும்தான். ஆனால் அவள் வீட்டில் அவர் முழுசாக இருக்கிறார், பார். அதைப் பார்க்கும்போது வருவதற்குப் பெயர் தேடினேன். பொறாமையைத் தவிர வேறு பெயர் கிடைக்கவில்லை.

இதனால்தான் நேற்று நீ கேட்டதும் அந்தக் குண்டானை அப்படித் தேய்த்தேன். புருஷனையும் காப்பாற்றிக்கொண்டாள், இப்போது என் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று தோன்றியது. நீ ஏன் போக வேண்டும் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். இங்கே தறி நின்றால் ஊரே எட்டிப் பார்க்கிறது, அங்கே தறியே கிடையாது, நெய்தாயா என்று கேட்க ஆள் இல்லை, மாமனாரோடு காலையில் நிலத்துக்கு நடந்து போய்வரலாம், ரெண்டு மாதம் மூச்சு விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். டாக்டரம்மா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எங்கே இருந்தால் எழுந்து நடமாடத் தோன்றுகிறதோ அங்கே இருங்கள், ஆனால் இங்கே வந்து பேசுவதை விடாதீர்கள் என்றார்களாம். மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று தெரு பேசும், அவன் அம்மா கையாலாகாதவள் என்று பேசும். இதெல்லாம் நேற்று பூராவும் என் மண்டைக்குள் ஓடியது. அதில் ஒன்றுகூட உன்னைப் பற்றி இல்லை, எல்லாம் என்னைப் பற்றித்தான் என்பது இன்றைக்குக் காலையில் பட்டது.

நீங்கள் பஸ் ஏறின கொஞ்ச நேரத்தில் முதலாளி வீட்டு ஆள் வந்தான். தறியில் இருக்கிற சேலையை எப்போது நெய்து முடித்து அறுப்பீர்கள், கல்யாண ஆர்டர் என்றான். காமாலை இன்னுமா இறங்கவில்லை என்று வேறு கேட்டான். லோகம்மா அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், காது இந்தப் பக்கம்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "காமால இல்லப்பா. மனசு சோர்வு. வேலூர்ல டாக்டர பாக்கறான், சரியாயிடும்னு சொல்லிகிறாங்க. அவசரம்னா பாவ அறுத்துகினு போய் வேற தறியில ஏத்திக்கோ" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, முதலாளியிடம் பேசுகிறேன், பாவு இருக்கட்டும் என்று வண்டியை எடுத்தான். இனி லோகம்மா ஆரம்பிப்பாள், பொழுது சாய்வதற்குள் கடைசி வீடு வரைக்கும் போய்விடும் என்று நான் கதவைச் சாத்தப் போனேன். அவள் கோலப்பொடி டப்பாவோடு வந்து படிக்குக் கீழே நின்றாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததற்குச் சண்டை பிடிக்க வந்தாள் என்று நினைத்தேன்.

"யக்கா, அந்த டாக்டரு எந்தக் கெழமையில பாக்கறாங்க?"

"ஏன், யாருக்கு?"

"எங்க பெரியவனுக்குத்தான். ஓசூர் கம்பெனி வேலைய வுட்டுட்டு வந்ததுலேர்ந்து ரூமை வுட்டு வெளிய வர்றதில்ல. லீவுல வந்துகிறான்னு சொல்லிகினு இருக்கறேன்."

அவள் லீவு என்றாள், நான் காமாலை என்றேன். எதிரெதிர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு பேரும் ஒரே பொய்யை ரெண்டு பெயரில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன், நானே நேரில் போய்க் கேட்ட மாதிரிதான் சொன்னேன். உன் மாமியார் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

ஆகையால், கண்ணு, போய்விட்டு வா. இதுதான் என் பதில். தேவிகாபுரத்திலும் எழுகிற நேரத்தை மாற்றாதே. மாமனார் கூப்பிடும் முன்னால் நீயே எழுந்து நிலத்துக்குப் போ. ரெண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் கீழே இழுத்தால் பேஜார் ஆகாதே, ஏறி இறங்கித்தான் சரியாகுமாம். வேலூருக்குப் போக வேண்டிய நாளில், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று போகாமல் இருந்துவிடாதே. அடுத்த தடவை நானும் வருகிறேன். அந்த அறைக்குள் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று நானே பார்த்துக்கொள்கிறேன். அமாவாசைக்கு மட்டும் வீட்டுக்கு வந்துவிடு. அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் தறி மிதிக்க மாட்டார்கள், தெருவே சும்மா இருக்கும். எல்லாரும் சும்மா இருக்கிற நாளில் நீயும் நிம்மதியாகச் சும்மா இரு. நான் எதுவும் கேட்க மாட்டேன். கேட்காமல் உட்கார எனக்கும் வரும், கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான். வசந்தியிடம் ராட்டை விஷயத்தை நான் பேசிக்கொள்கிறேன், நடுவில் நீ வராதே.

கடைசியாக ஒன்று. அங்கே ஒரு நாள் விடிந்ததும் அந்தப் பாரம் மறுபடி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் மறைக்காதே. முதலில் யாரிடம் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கப்போகிறவள் அவள், கேட்காமல் கேட்கத் தெரிந்தவளும் அவள். அவளிடமே சொல். முதல் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மனசார விடுகிறேன் என்று எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை. ஆனால் அவளிடம் சொல்லி முடித்த கையோடு எனக்குப் போன் போட வேண்டும். அவளுக்கு அடுத்து நான். வசந்திகூட எனக்கு அப்புறம்தான்.

அம்மா